நடுப் பங்கு

"என்னம்மா ஹுஸ்னா, கல்யாணப் பத்திரிகையா எழுதுறே? ஒரு மணி நேரமா ஒரே பக்கத்துல நிக்கிறே."

ஹைதர் தே தாரிக் தேநீர்க் கோப்பையை அவள் முன்னால் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மணி மூன்றரை. சூலியா தெருவிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் மதியக் கூட்டம் வடிந்திருந்தது. நாசி கண்டார் சோற்றுக்கான கறிச்சட்டிகளில் பாதி காலி. ஈ ஓட்டக்கூட ஆளில்லாத இந்த நேரத்தில்தான் ஹுஸ்னா கடைக்கு வருவாள். கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் அவள் பொருளியல் விரிவுரையாளர். கடை அவள் அத்தா கமாலுதீனுடையது.

"பாடம் சாச்சா. திங்கக்கிழமை கிளாஸ். இருநூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்துல இருந்த பொருளியல்காரங்க கூலியைப் பத்தி, லாபத்தைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு."

"இருநூறு வருஷமா? பாவம், அவங்களுக்கு இப்பவாவது கூலி வந்துச்சா?"

"சாச்சா!"

"சரி சரி, சொல்லு. உன் பசங்க திங்கக்கிழமை முழிக்கப்போறதை நான் இன்னைக்கே முழிச்சுடுறேன்."

ஹைதருக்கு வயது அறுபத்து நான்கு. கடை திறந்த நாளிலிருந்து, இருபத்தெட்டு வருடமாக, கறிச்சட்டிகளுக்குப் பின்னால் நிற்பவர் அவர்தான். ஆணம் கூட்டுவதும் அவர், அகப்பையால் சோற்றின்மேல் ஊற்றுவதும் அவர். ஹுஸ்னாவுக்கு முதன்முதலில் சைக்கிள் பிடித்ததும் அவர்தான். சொந்தச் சித்தப்பா இல்லை. ஆனால் சாச்சா.

"நாட்டுல ஒரு வருஷம் விளையறது எல்லாத்தையும் ஒரு பானைச் சோறுன்னு வச்சுக்குங்க. மூணு பேரு கையை நீட்டுறாங்க. ஒருத்தர் நிலத்துக்குச் சொந்தக்காரர். ஒருத்தர் பணம் போட்டுத் தொழில் நடத்துறவர். ஒருத்தர் உழைக்கிறவர். முதல் ஆளுக்குப் போறது வாடகை. ரெண்டாவது ஆளுக்கு லாபம். மூணாவது ஆளுக்குக் கூலி. யாருக்கு எவ்வளவு, ஏன் அவ்வளவு? அதைக் கண்டுபிடிக்கிறதுதான் எங்க வேலையே அப்படின்னாங்க."

"யாரு முதல்ல அள்ளுறா?"

"நிலத்துக்காரர்தான். இப்ப பாருங்க, இதே மீன் ஆணத்தை நீங்க ஆயர் ஈத்தாம் பாசார்ல வித்தா ஒரு நாளைக்கு நூறு பேரு சாப்பிடுவாங்க. இங்க முந்நூறு பேரு. கை அதே கை. ருசி அதே ருசி. கூட வர்ற இருநூறு பேரு எதுனால வர்றாங்க?"

"இடத்தால."

"அந்தக் கூடுதல் பூரா இடத்துக்காரருக்குப் போயிடும். ஊரு பெருகப் பெருக வாடகை ஏறிக்கிட்டே இருக்கும், லாபம் தேஞ்சுக்கிட்டே போகும்னு அதுல ஒருத்தர் எழுதி வச்சிருக்காரு."

ஹைதர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"பெரிய மனுசன்லா! நம்ம கடையைப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்காரு."

சிரிக்கக்கூடிய விஷயமில்லை. அந்த வரிசைக் கடைவீடுகளை ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. ஹோட்டல் வரப்போகிறது. வாடகையை மூன்று மடங்காக்கிக் கடிதம் போட்டார்கள். இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு கடை மூடப்படுகிறது. கடையின் பெயரையும் மசாலாப் பக்குவத்தையும் ஹஸ்ருல் என்பவர் வாங்கிக்கொள்கிறார். பேரங்காடிகளில் மூன்று கடை வைத்திருப்பவர்.

"சரி, கூலிக்காரனுக்கு என்ன?"

"அவனும் அவன் குடும்பமும் உசிரோட இருந்து, மறுநாளும் வேலைக்கு வர எது வேணுமோ அதுதான். கூலி எங்க சுத்தினாலும் கடைசியில அந்த அளவுலயே வந்து நிக்கும்னாங்க. கொஞ்சம் ஏறினா பிள்ளைங்க பெருகும், வேலைக்கு ஆளு கூடும், திரும்ப இறங்கிடும். இன்னும் சிலபேரு, கூலிக்குன்னு ஒரு சட்டி தனியா இருக்கு, அதுல ஒருத்தன் கூட அள்ளினா இன்னொருத்தனுக்குக் குறையும்னாங்க."

"சோத்துக்கு மட்டும்தானா?"

"இல்ல. அந்த ஊரு வழக்கத்துல எது இல்லாம தலை நிமிந்து நடக்க முடியாதோ அதையும் சேத்துக்கணும்னாங்க."

"அப்ப நல்லவங்கதான். லாபம்?"

"அது மிச்சம். வாடகையும் கூலியும் போக நடுவுல உள்ளவருக்கு. அதனால கூலி ஏறினா லாபம் இறங்கும். ரெண்டும் ஒரே நேரத்துல ஏறாது."

"இதைச் சொல்ல இங்கிலாந்துலேருந்து வரணுமா?" ஹைதர் முன்னால் சாய்ந்தார். "வேலு ஞாபகம் இருக்கா உனக்கு? மங்கு கழுவுவான், மூட்டை தூக்குவான், நல்ல உழைப்பாளி. மாசம் இருநூறு வெள்ளி கூடக் கேட்டான். சம்சாரம் முழுகாம இருக்குன்னான். உங்க அத்தா இளகின மனசு. குடுத்துடலாம்னாரு. நான்தான் நிறுத்துனேன். பங்காளி, இவனுக்குக் குடுத்தா எட்டுப் பேரும் கேப்பான், கடைசியில நம்ம பங்குலதான் கை வைப்பான்னேன். போடான்னு அனுப்பிட்டேன்."

ஹுஸ்னா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"யாரு பங்குல சாச்சா?"

"நம்ம பங்குல. மூணு பேருன்னியே? மேல கட்டடத்துக்காரன். கீழ பசங்க. நடுவுல நானும் உங்க அத்தாவும்."

சொல்லும்போது அவர் முகத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஹஸ்ருல் பணம் கட்டினதும் பிரிச்சுக்குவோம். பாதி வேணாம்மா, நான் பேராசைக்காரன் இல்ல. மூணுல ஒண்ணு போதும். நாங்க இருக்கிற பிளாட்டை வீட்டுக்காரரு விக்கிறாரு. வேற யாருக்கும் குடுக்காதீங்க, மாசக் கடைசியில முன்பணம் தர்றேன்னு சொல்லிட்டேன். உங்க சாச்சி லைலாகிட்டயும் சொல்லிட்டேன், இனிமே நம்மளை யாரும் எழுப்ப முடியாது புள்ளேன்னு."

"அத்தாகிட்ட பேசிட்டீங்களா?"

"பங்காளிக்குள்ள என்னம்மா பேச்சு?" என்று சிரித்துவிட்டு, வாசலில் வந்து நின்ற இரண்டு வெளிநாட்டுக்காரர்களைக் கவனிக்க எழுந்து போனார்.

*

அன்று மாலை கமாலுதீன்தான் காரை ஓட்டினார். கெலுகோர் போகும் சாலையில் வண்டிகள் ஒட்டி ஒட்டி நின்றன.

"அத்தா, ஹைதர் சாச்சாவுக்குக் கடையில பங்கு இருக்கா?"

"என்ன பங்கு?"

"லாபத்துல."

கமாலுதீன் சிரித்தார். "யாரு சொன்னா?"

"அவருதான். நீங்க பங்காளின்னுதானே கூப்பிடுறீங்க."

"அட! ஒரே தெருவுல ஒண்ணா வளந்தவன் எல்லாம் பங்காளிதாம்மா. எங்க அத்தா அப்படித்தான் கூப்பிடுவாரு, நானும் கூப்பிடுறேன். பெட்ரோல் ஊத்துற பையனைக்கூடத்தான் கூப்பிடுறேன்."

"நம்ம கடைன்னு சொல்லித்தான் அவரைக் கூட்டிட்டு வந்தீங்களாம். அவரு வேலை பாத்த இடத்தை விட்டுட்டு வந்தாராம்."

"சாப்பிட வர்றவங்ககிட்டயும்தான் நம்ம கடைக்கு வாங்கன்னு சொல்றேன். எல்லாருக்கும் பங்கு குடுத்துடலாமா?"

ஹுஸ்னா அதற்குச் சிரிக்கவில்லை.

"அவருக்கு எவ்வளவு சம்பளம்?"

"ஆயிரத்து இருநூறு."

"சட்டப்படி ஆயிரத்து எழுநூறு அத்தா."

"மத்தவங்களுக்குக் குடுக்கிறேன்லா. இவன் கேட்டதே இல்ல. ஒவ்வொரு தடவையும் நான் ஏத்தலாமான்னா, வேணாம் பங்காளி, கடையிலயே கெடக்கட்டும்பான். பெருநாளைக்கு மட்டும் அவனுக்குக் கவர்ல கூட வைப்பேன்."

"கடையிலயே கெடக்கட்டும்னா என்ன அர்த்தம்னு நினைச்சீங்க?"

சிவப்பு விளக்கில் கமாலுதீன் வண்டியை நிறுத்தினார்.

"இ.பி.எஃப். கட்டினீங்களா? சேமநிதியில அவரு பேருல எவ்வளவு இருக்கும்?"

"ஆரம்பத்துல ஃபாரம் நீட்டினேன். அதெல்லாம் கூலி ஆளுக்கு, எனக்கு எதுக்குன்னு சிரிச்சான்."

"நீங்க?"

"நானும் சிரிச்சேன்."

விளக்கு பச்சையானது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். கமாலுதீன் வண்டியை எடுக்கவில்லை. இரண்டாவது முறை அடித்த பிறகுதான் எடுத்தார்.

"ஏன் அப்படிச் சொல்றாருன்னு ஒருநாள்கூட யோசிக்கலையா அத்தா?"

"யோசிச்சேன்." அவர் குரல் இறங்கியிருந்தது. "ஒருநாள் யோசிச்சேன். நீ கோலாலம்பூருக்குப் படிக்கப் போன வருஷம். இவன் வேற ஏதோ நினைச்சுக்கிட்டு இருக்கான்னு தோணுச்சு. கூப்பிட்டுக் கேட்டுடலாம்னு இருந்தேன். அந்த வாரம் உனக்குப் பணம் கட்ட வேண்டியிருந்துச்சு. கேக்கலை. அப்புறம் கேக்கிறதுக்கு வெக்கமா போச்சு."

ஹுஸ்னா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சேமநிதிக்கு முதலாளி போடவேண்டிய பதின்மூன்று விழுக்காடு எங்கே போயிற்று என்று இனி யாரும் அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

கொஞ்ச தூரம் போனதும் கமாலுதீனே பேசினார்.

"ஹஸ்ருல் குடுக்கிறது எண்பதாயிரம். பேங்குக் கடன் போக, பசங்களுக்குக் குடுக்கவேண்டியது போக, முப்பதாயிரம் நிக்கும். அதுல பதினஞ்சு அவனுக்குக் குடுக்கலாம்னுதான் இருக்கேன். நீ கேக்கிறதுக்கு முந்தியே முடிவு பண்ணது."

"பதினஞ்சா? அது பாதி அத்தா. அவரு மூணுல ஒண்ணுதான் கேக்கிறாரு." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அதையே பங்குன்னு சொல்லிக் குடுத்துடுங்க. இந்தா பங்காளி, உன் பங்குன்னு. ஒரு வார்த்தைதானே. அவரு சந்தோஷமா வாங்கிக்குவாரு."

"முடியாதும்மா."

"ஏன்?"

"பங்குன்னு சொன்னா இந்த ஒரு நாளைக்கு மட்டும் எப்படிப் பங்கு? இருபத்தெட்டு வருஷத்துக்கும் பதில் சொல்லணும். ஒவ்வொரு வருஷ லாபத்துல அவனோடது எங்கேன்னு சொல்லணும். இருக்கிற வீடு, உன் படிப்பு, இந்தக் காரு, எல்லாத்துலயும் அவன் கை வரும். நான் எங்கேருந்து எடுத்துக் குடுப்பேன்? சும்மா குடுத்தா பதினஞ்சோட முடியும். பங்குன்னா முடியாது."

வார்த்தை ஒன்றுதான். ஆனால் அதன் விலை அவள் அத்தாவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. இருபத்தெட்டு வருடமாகப் பங்காளி என்று இலவசமாய்க் கூப்பிட்டவருக்கு.

*

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் ஹுஸ்னா ஆயர் ஈத்தாமுக்குப் போனாள். சாச்சாவின் பிளாட், ஒன்பதாவது மாடி. ஹைதர் கடையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனாள். கதவைத் திறந்த லைலாவின் இடுப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று இருந்தது. இன்னொன்று தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது லைலாவின் வேலை.

"வாம்மா, வா. விலகி உக்காரு, அவன் உன் மடியில மூத்திரம் அடிச்சுடுவான். படிச்சவங்க மடின்னா அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்."

ஹுஸ்னா உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தாள்.

"சாச்சி, இந்த பிளாட்டு விஷயமா..."

"பேங்குக்குப் போயிட்டு வந்தோம்மா, திங்கக்கிழமை. அந்தப் புள்ள நல்லாத்தான் பேசுச்சு. அங்கிள், சம்பளக் கடுதாசி இருக்கான்னுச்சு. இவரு, நான் சம்பள ஆளு இல்ல, கடையில பங்குன்னாரு. அப்ப கம்பெனிப் பத்திரம் இருக்கான்னுச்சு. இவரு, பங்காளிக்குள்ள எதுக்கு பத்திரம்னாரு. அது இவரையும் பாத்துச்சு, என்னையும் பாத்துச்சு."

லைலா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"சம்பளக் கடுதாசியும் வந்ததில்ல. லாபக் கடுதாசியும் வந்ததில்ல. ரெண்டும் வராத ஆளுக்கு உங்க படிப்புல என்னம்மா பேரு?"

ஹுஸ்னா தரையில் கிடந்த கிலுகிலுப்பையை எடுத்துக் குழந்தையிடம் நீட்டினாள்.

"ஒண்ணும் இல்லதானே? பங்கு கிங்கு ஒண்ணும் இல்லதானே? அதைச் சொல்லத்தானே நீ லிஃப்ட் வேலை செய்யாத அன்னைக்கு ஒன்பது மாடி ஏறி வந்திருக்கே?"

"சாச்சி... உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சந்தேகம்தான். எத்தனையோ நாள் கேக்கலாம்னு வாயைத் திறப்பேன். அவரு பேச ஆரம்பிச்சுடுவாரு. இன்னைக்கு நம்ம கடையில எவ்வளவு கூட்டம் தெரியுமா, நானும் பங்காளியும் சமாளிக்க முடியலம்பாரு. களைப்பே இருக்காது மனுசனுக்கு. என் அண்ணன் கூலி வேலைதான் பாத்தாரு. அவரும் இதே நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருவாரு. நடந்து வர்றது வேற மாதிரி இருக்கும். அதைப் பாத்துட்டு நான் வாயை மூடிக்குவேன்."

"இன்னைக்கு ராத்திரி இருந்து நானே சாச்சாகிட்ட சொல்லிடட்டுமா?"

"வேணாம். உங்க அத்தா வாயால சொல்லட்டும். நீ சொன்னா அவரு உன்மேல கோவப்படணும். உன்மேல கோவப்பட அவருக்குத் தெரியாது. அப்புறம் அந்தக் கோவம் எங்க போகும்?"

தரையில் தவழ்ந்த குழந்தை ஹுஸ்னாவின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. லைலா கை தட்டினாள். ஹுஸ்னாவும் தட்டினாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே தட்டினார்கள்.

*

கடைசி வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் திரும்பியிருந்தார்கள். பசங்களுக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பியாயிற்று. ஹஸ்ருல் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் அடுக்கியிருந்தார்கள். இரண்டு நாற்காலி மட்டும் கீழே.

"பங்காளி, இங்க வா. உக்காரு."

ஹைதர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்று புதுச் சட்டை போட்டிருந்தார். ஹுஸ்னா கல்லாப் பக்கத்தில் நின்றாள்.

கமாலுதீன் ஓர் உறையை மேசைமேல் வைத்தார்.

"வச்சுக்கோ. பதினஞ்சு இருக்கு."

"முன்பணமா? சரி. மீதியை எப்ப பிரிப்போம்? அவசரம் இல்ல பங்காளி, வீட்டுக்காரருகிட்ட ஒரு வாரம் தவணை கேட்டுக்கிறேன்."

"மீதி இல்ல."

"எல்லாத்துக்கும் இதுதானா? மோசமா வித்துட்டியே! ஹஸ்ருல் ஏமாத்திட்டானா?"

"இல்ல ஹைதரு. இது நான் உனக்குக் குடுக்கிறது."

பெயர் சொல்லிக் கூப்பிட்டதை ஹைதர் கவனித்தார். உறையைத் தொடாமல் பார்த்தார்.

"நீ எனக்குக் குடுக்கிறியா? புரியலையே. இது என்னதுன்னு பேரு சொல்லு."

"என் சந்தோஷத்துக்கு."

"சந்தோஷம்." அந்தச் சொல்லை அவர் வாய்க்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. "பெருநாளைக்குப் பெருநாள் கவர் குடுத்தியே, அது?"

"அதுவும்தான்."

"அதை நான் லாபம்னு வாங்கினேன் பங்காளி. இந்த வருஷம் கூடுதல், இந்த வருஷம் குறைச்சல்னு வீட்டுல போய் லைலாகிட்ட சொல்லுவேன். வியாபாரம் அப்படின்னு சொல்லுவேன்."

"நீ அப்படி நினைச்சிருப்பேன்னு எனக்கு..."

"தெரியாதா?"

கமாலுதீன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அத்தா, சொல்லுங்க," என்றாள் ஹுஸ்னா. "அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுங்க."

"நீ சும்மா இரும்மா," என்றார் ஹைதர், அவளைப் பார்க்காமலே. கோபம் இல்லாத குரல். "தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லு. நம்ம ரெண்டு பேருக்குள்ள."

"கொஞ்சம் தெரியும்," என்றார் கமாலுதீன்.

அடுப்படியில் யாரோ அணைக்க மறந்த விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஹைதர் எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்தார். மறுபடி உட்காரவில்லை.

"வேலுவோட சம்சாரம் அன்னைக்கு வாசல்ல வந்து நின்னுச்சு. அந்தத் தூணுகிட்ட. எட்டு மாசம். அண்ணே, அவரைத் திரும்ப எடுத்துக்குங்கண்ணேன்னுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? தங்கச்சி, தொழில்ல பாவம் பாத்தா தொழில் நிக்காதுன்னேன். பெரிய தவுக்கே மாதிரி, கடையே என்னோடதுங்கிற மாதிரி. நானும் அவனும் ஒரே சட்டியிலதானே அள்ளிக்கிட்டிருந்தோம். அவன் கையைத் தட்டிவிட்டேனே, எவன் பங்கைக் காப்பாத்த?"

"நீ செஞ்சதுல என் பாவமும் இருக்கு."

"அதுலயாவது பங்கு குடுக்கிறீங்களே."

எப்போதும் நீ, வா, போ என்றுதான் பேசுவார் ஹைதர். மரியாதை கூடியது கமாலுதீனின் காதில் அறைபோல விழுந்தது.

"ஹைதரு, அப்படிப் பேசாதே."

"எப்படிப் பேசணும் மொதலாளி?"

"அப்படிக் கூப்பிடாதேடா. என்னை அடிச்சிருக்கலாம் நீ."

"வேற எப்படிக் கூப்பிடுறது? ஒரு பேருதான் இருந்துச்சு. அதை நீங்க எடுத்துக்கிட்டீங்க."

ஹைதர் உறையை எடுத்தார். ஹுஸ்னா அவர் மறுத்துவிடுவார் என்றே நினைத்திருந்தாள். மறுத்திருந்தால் அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் எடுத்து, சம்பள நாளில் பசங்கள் செய்வதுபோல ஒருமுறை நெற்றியில் தொட்டு, சட்டைப் பைக்குள் வைத்தார்.

"வேணாம்னு சொல்ற நிலமையில நான் இல்ல மொதலாளி. வேற வீடு பாக்கணும். லைலாவுக்கு முட்டி வலி, கீழ் மாடியா பாக்கணும்."

வாசலில் செருப்பை மாட்டும்போது ஹுஸ்னாவைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை கிளாஸ் நல்லா போச்சாம்மா? கேக்க மறந்துட்டேன்."

"போச்சு சாச்சா."

"நல்லது."

*

மூன்று வாரம் கழித்து, வகுப்புக்குப் போகும் நடைபாதையில் ஹுஸ்னாவின் கைத்தொலைபேசி அடித்தது. மாணவர்கள் அவளைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"சாச்சா! எங்க இருக்கீங்க? எத்தனை தடவை அடிச்சேன், எடுக்கவே இல்லையே."

"எடுக்கலாம்னுதாம்மா இருந்தேன். நல்லா இருக்கியா? உங்க அத்தாவுக்குப் பிரஷர் எப்படி இருக்கு?"

"இருக்காரு. சாப்பிடவே மாட்டேங்கிறாரு."

"மொதலாளியை உப்புக் குறைச்சுச் சாப்பிடச் சொல்லு." பிறகு அவரே தொடங்கினார்: "வேலை கெடச்சிருச்சும்மா. பாயான் பாருவுல ஒரு பேக்டரி கேன்டீன். வீடும் இங்கேயே பாத்துட்டோம். ஒரு ரூமுதான், தரைத்தளம்."

"நல்ல செய்தி சாச்சா."

"ஒண்ணு கேக்கணும். உன்கிட்டதான் கேக்க முடியும். இன்டர்வியூவுல ஒரு புள்ள, எவ்வளவு சம்பளம் எதிர்பாக்குறீங்கன்னு கேட்டுச்சு. எனக்குச் சொல்லத் தெரியலம்மா. நான் யார்கிட்டயும் கேட்டதே இல்லையே. பேசாம உக்காந்திருந்தேன். அந்தப் புள்ள பாவம், நான் யோசிக்கிறேன்னு நினைச்சுக்கிச்சு போல. அதுவாவே ஆயிரத்து எழுநூறுன்னுச்சு. அறுபது தாண்டினதால இ.பி.எஃப். கொஞ்சம்தானாம், ஆனா உண்டாம்."

ஹுஸ்னா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அது தப்பா சொல்லிடுச்சோன்னு எனக்கு ரெண்டு நாளா உறுத்துது. என்கூட பங்களாதேஷ் பையன் ஒருத்தன் பிளேட்டு கழுவுறான். போன மாசம்தான் வந்தானாம். அவனுக்கும் அதேதானாம்."

"தப்பில்ல சாச்சா. அதுதான் அடிமட்டச் சம்பளம். அதுக்குக் கீழ யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சட்டம்."

மறுமுனையில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. யாரோ மலாயில் எதையோ கேட்க, ஹைதர் "செக்கேஜாப், செக்கேஜாப்" என்று பொறுக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"இல்லம்மா, எனக்கு என்ன பயம்னா, கேன்டீன்ல அவ்வளவா கூட்டமே இல்ல. மத்தியானம் ஒரு மணி நேரம்தான். எட்டுப் பேரு வேலை பாக்குறோம். எட்டுப் பேருக்கும் இப்படி அள்ளிக் குடுத்தா, கேன்டீனை எடுத்து நடத்துற அந்த ஆளுக்குக் கையில என்ன நிக்கும்?"